பிளைவுட் என்றார்கள், வந்தது மரத்தூள்: ரெனோவேஷன் செய்யப்போகிறவர்கள் கவனிக்க

சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பழைய நாலறை வீடு வாங்கினோம். சாவி வந்த கையோடு ரெனோவேஷனுக்கு ஆள் தேடிய கதை இது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள். அவர்கள் தரவேண்டிய பணத்தில் இன்னும் ஒரு தவணை பாக்கி.

வேலையிடத்து நண்பர் மூலம் வந்தவர் அந்த விற்பனைத் தம்பி. நம்ம தமிழ்ப் பிள்ளை, வாய்க்கு வாய் "அண்ணே". கையில் ஒரு சாம்பிள் பலகை. "மத்தவங்க மரத்தூளை அழுத்திச் செய்யுற சிப்போர்டு போட்டு ஏமாத்துவாங்கண்ணே, நம்மகிட்ட எல்லாமே பிளைவுட்தான்" என்றார். அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் விலை வந்தது: சமையலறை கேபினெட், ஃபுட் ரன் (நீளத்தில் ஓரடிக்கு) 160 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், மேலே 18 அடி, கீழே 18 அடி. பிளைவுட் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பினார். "ஓகே தம்பி, கன்ஃபார்ம்" என்று பதில் போட்டு, பேநவ்வில் (போனிலேயே பணம் அனுப்பும் வசதி) 1,500 வெள்ளி முன்பணமும் அனுப்பினேன்.

இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் படித்த என் சித்தப்பா மகள் பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, அந்த 'கன்ஃபார்ம்'லயே ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு." சிங்கப்பூரின் ஒப்பந்தச் சட்டத்துக்கு ஆங்கிலேயப் பொதுச்சட்டம்தான் வேர். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும், இருபக்கமும் ஏதோ ஒன்று கைமாற வேண்டும் (இங்கே என் காசுக்கு அவர் வேலை), சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். வீடு, நிலம் விற்பது, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்பது போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்து கட்டாயம். மற்றபடி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. அப்படிப் பார்த்தால் அந்த ராத்திரி ஒப்பந்தம் எனக்குத்தான் சாதகம். அதைக் கெடுத்துக்கொண்டதும் நானேதான்.

மூன்று நாள் கழித்து, காலி வீட்டில் டைல்ஸ் பெட்டி மேல் வைத்து ஆறு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார். எல்லாம் ஆங்கிலம், பொடி எழுத்து. நான் பார்த்தது கடைசி வரித் தொகை 14,200 வெள்ளியை மட்டும். உள்ளே கேபினெட்டுக்கு "சாம்பிள்படி" என்று ஒரே சொல். பிளைவுட் என்ற பேச்சே இல்லை. ஐந்தாம் பக்கத்தில், "இந்தத் தாளில் உள்ளதே முழு ஒப்பந்தம், இதற்கு முன் வாய்மொழியாகச் சொன்ன எதுவும் செல்லாது" என்று ஒரு வரி. படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். 1934இல் இங்கிலாந்தில் ஒரு சிகரெட் விற்கும் இயந்திர வழக்கில் வந்த தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்களாம். கையெழுத்து வாங்கிவிட்டுச் சாம்பிள் பலகையையும் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச்சில் வேலை முடிந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஜூலையில் சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை, பாலில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பி நின்றது. ஓரத்து லேமினேட்டைச் சாவியால் நெம்பினேன். உள்ளேயிருந்து பொலபொலவென்று மரத்தூள் உதிர்ந்து கையெல்லாம் ஒட்டியது. ஐந்து காசு பிளைவுட் அதில் இல்லை.

போன் செய்தால், "பிளைவுட்னு எங்கண்ணே எழுதியிருக்கு?" என்றார். சரி, வாய்ஸ் மெசேஜைப் போட்டுக்காட்டலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதைக் காணோம். விலையை அனுப்பிவிட்டு, வாய்ஸ் மெசேஜ் அனுப்புமுன் அவர் மறையும் செய்தி வசதியைப் போட்டிருக்கிறார், அதன் பிறகு வருவதெல்லாம் சில நாளில் தானே அழிந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு கடிகாரப் படம் இருந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. விலை அனுப்பிய செய்தி அதற்கு முந்தியது, அதனால் தப்பியது.

காப்பாற்றியது என் மனைவி. டைல்ஸ் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, அன்றைக்கே சாம்பிள் பலகையைக் கையில் பிடித்து போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பிளைவுட் என்றால் மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிய பலகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பலகையின் விளிம்பில் ஏழு அடுக்கு, நெய் ரொட்டி மாதிரி எண்ணிவிடலாம். மாட்டிய பலகையிலோ அடுக்கே இல்லை, ஒரே தூள்.

அதன் பிறகுதான் தங்கச்சி விளக்கியது எனக்கு ஏறியது. ஒப்பந்தத்தில் எழுதியவை ஒரு வகை, எழுதாவிட்டாலும் சட்டமே உள்ளே வைப்பவை இன்னொரு வகை. சாம்பிள் காட்டி விற்றால் வரும் பொருள் சாம்பிள் மாதிரியே இருக்க வேண்டும், தரமும் திருப்தியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டம் வைப்பது. நுகர்வோரிடம் இவற்றை "நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் அதற்கு இடம்கொடுப்பதில்லை. குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டமும் கைகொடுத்தது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பொருளைக் கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. எனக்கு ஆனது நாலு மாதம்.

பொய்யை நம்பி ஒருவர் ஒப்பந்தம் செய்தால் அது தொடக்கத்திலேயே செல்லாத ஒப்பந்தம் ஆகிவிடாது, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யத்தக்கது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று நினைத்து, "ஒப்பந்தமே செல்லாது, 14,200ஐயும் திருப்பிக் கொடு" என்று குதித்தேன். டைல்ஸ், பெயின்ட், பாத்ரூம் எல்லாம் ஒழுங்காகத்தானே செய்திருக்கிறார்கள். விதிமுறைகளிலும் தரம் உண்டு. ஒப்பந்தத்துக்கே உயிரான விதி மீறப்பட்டால்தான் மொத்தத்தையும் உதறலாம், சில்லறை விதி என்றால் நஷ்டஈடு மட்டுமே. முதலாவதை கண்டிஷன் என்றும் இரண்டாவதை வாரண்டி என்றும் சொல்கிறார்கள் (ஃபிரிட்ஜ் வாங்கினால் தரும் வாரண்டி கார்டு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்). நான் கேட்கக்கூடியது கேபினெட்டின் 5,760 வெள்ளியைத்தான்.

அவர்களும் சும்மா இல்லை. கடைசித் தவணை 2,000 வெள்ளியை நான் நிறுத்தி வைத்திருந்தேன். தாளில் உள்ளபடி மொத்தத் தொகையில் 30 சதவீதம் "நிர்வாகக் கட்டணம்" கட்டு என்று கடிதம் வந்தது. முதலில் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதும் தொகை, உண்மையான நஷ்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இருக்க வேண்டும். மிரட்டுவதற்காகப் போட்ட அபராதம் என்றால் நிற்காது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இதை மறுபடி உறுதிசெய்திருக்கிறது. தங்கச்சி பதில் எழுதிக் கொடுத்தாள், அதன் பிறகு அந்தப் பேச்சையே காணோம்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இருதரப்பும் சம்மதித்தால் 30,000. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. என் தொகைக்குக் கட்டணம் 20 வெள்ளி. ஆன்லைனிலேயே மனு, படம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏற்றினேன்.

"வாட்ஸ்அப் எல்லாம் எடுபடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2003இல் இங்கே ஒரு இணையக் கடையில் 3,854 வெள்ளி பிரின்டரைத் தவறுதலாக 66 வெள்ளி என்று போட்டுவிட்டார்கள். ஆறு பேர் சேர்ந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஆர்டர் போட்டு, கடை தர மறுத்ததும் வழக்காடினார்கள், 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். விலை தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள் என்பதற்கு, அவர்கள் தங்களுக்குள் அடித்த ஆன்லைன் அரட்டையே அவர்களுக்கு எதிரான சாட்சி.

நடுவர் மன்றப் பதிவாளர் முன்னால் அந்த அடுக்குப் படத்தைக் காட்டியதும் தம்பி "அண்ணே" என்பதை விட்டுவிட்டு "சார்" என்று ஆரம்பித்தார். கடைசியில் அவர்கள் எனக்குத் தரவேண்டியது 3,300 வெள்ளி, மூன்று தவணையில். நிறுத்தி வைத்த 2,000ஐ நான் கொடுத்துவிட வேண்டும். எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். அந்த வாய்ஸ் மெசேஜ் இருந்திருந்தால் இன்னும் இழுத்துப் பிடித்திருப்பேன்.

இப்போது புது கேபினெட்டுக்கு வேறு ஓர் ஆசாரியிடம் பேசியிருக்கிறோம், வயதானவர். கொட்டேஷனில் "பிளைவுட், சிங்க் அடியிலும்" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் அண்ணே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. போட்டார். சாம்பிள் துண்டை என் மனைவி திருப்பிக் கொடுக்கவில்லை, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.