இப்போதே விடுவிப்பதா, ஜூன் 1 கணக்கிலா?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒரு வீரருக்கு 5 ஆண்டு ஒப்பந்தமும் 2 கோடி டாலர் கையெழுத்து போனஸும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் முன்பே கைமாறிவிடும். சம்பள வரம்புக் கணக்கில் (ஓர் அணி வீரர்களுக்கு ஆண்டுக்குச் செலவிடக்கூடிய உச்சத்தொகை) மட்டும் ஆண்டுக்கு 40 லட்சமாக ஏறும். இரண்டு ஆண்டு கழித்து அவரை விடுவித்தால் 1.2 கோடி பாக்கி நிற்கும். அந்த ஆண்டின் உத்தரவாதமில்லாத சம்பளம் (விடுவித்தால் தர வேண்டியதில்லை) 1 கோடி; போனஸ் பங்கு 40 லட்சத்தோடு சேர்த்து அவர் கணக்கு 1.4 கோடி.

மார்ச்சில் நேரடியாக விடுவித்தால் 1.2 கோடியும் உடனே கணக்கில் விழும். வரம்பில் மிச்சமாவது வெறும் 20 லட்சம். ஆனால் அடுத்த ஆண்டு சுத்தம்.

மார்ச்சிலேயே 'ஜூன் 1-க்குப் பின்' என்று குறித்து விடுவித்தால் இந்த ஆண்டு 40 லட்சம், அடுத்த ஆண்டு 80 லட்சம். மிச்சம் 1 கோடி. சிக்கல் என்னவென்றால், ஜூன் வரை அவருடைய 1.4 கோடியும் கணக்கிலேயே கிடக்கும்; ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் எடுக்கும் மார்ச் சந்தையில் ஆள் எடுக்க உதவாது. புதுமுகங்களை ஒப்பந்தம் செய்யவும், காயம்பட்டவருக்கு மாற்று தேடவும்தான் அந்தப் பணம். ஓர் அணிக்கு ஆண்டுக்கு இருவருக்கு மட்டுமே இந்தச் சலுகை.

2024-இல் டென்வர் பிராங்கோஸ் அணி ரஸ்ஸல் வில்சன் என்ற வீரரை இப்படி ஜூன் 1 கணக்கில்தான் விடுவித்தது: 8.5 கோடிச் சுமை, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5.3, 3.2 கோடியாகப் பிரிந்தது. மொத்தமாக ஏற்றியிருந்தால் அந்த ஆண்டின் 25.54 கோடி சம்பள வரம்பில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். சுமை சிறிதென்றால் நேரடி வழியே மேல்.