எவர்சில்வர் அண்டாவும் ஒரு வலைப்பையும்: வீட்டுப் பீருக்கான பை குறித்த மதிப்புரை

மெல்பர்ன் நகரில், வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான பொருள்களை விற்கும் ஒரு கடையில் வாங்கிய பாலியெஸ்டர் வலைப்பையைப் பற்றியது இந்த மதிப்புரை. 40 லிட்டர் அண்டாவின் வாய்க்கும் ஆழத்துக்கும் பொருந்துமாறு தைக்கப்பட்ட இந்தப் பையின் விளிம்பில் சுருக்குக் கயிறும், தூக்குவதற்கு நான்கு பட்டைக் காதுகளும் உள்ளன. ‘பிரூ இன் எ பேக்’ (பைக்குள் காய்ச்சுதல்) எனப்படும் முறைக்கு அண்டா, அடுப்பு, வெப்பமானி ஆகியவற்றுடன் கூடுதலாகத் தேவைப்படும் கருவி ஏறக்குறைய இது ஒன்றுதான்.

முழுத்தானிய முறையில் பீர் காய்ச்சுவதற்குத் தண்ணீரைச் சூடாக்க ஒன்று, அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) ஊறவைக்க அடியில் சல்லடை பொருத்திய ஒன்று, வடித்த சாற்றைக் கொதிக்கவைக்க ஒன்று என மூன்று பாத்திரங்களை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 2000களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சுநர்களிடையே பரவிய இந்தப் பை முறையோ, மூன்று வேலைகளையும் ஒரே அண்டாவுக்குள் முடித்துவிடுகிறது. தேவையான தண்ணீர் முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றி, பைக்குள் மால்ட்டைக் கொட்டி, ஒரு மணி நேரம் ஊறிய பின் பையைத் தூக்கிவிட்டு, மீந்த சாற்றை அதே அண்டாவில் கொதிக்கவிட வேண்டியதுதான்.

பை வாங்குவதற்கு முன் அண்டாவின் அளவைக் கணக்கிட வேண்டும். 4.5 கிலோ பேல் ஏல் மால்ட்டிலிருந்து 20 லிட்டர் பீர் எடுக்க வேண்டுமானால், ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாகும் நான்கு லிட்டரையும், தானியம் உறிஞ்சிக்கொள்ளும் மூன்று லிட்டரையும், அடியில் தங்கும் வண்டலுடன் போகும் இரண்டு லிட்டரையும் சேர்த்து 29 லிட்டர் தண்ணீர் தேவை. தானியம் பிடிக்கும் இடத்தையும் கூட்டினால் 32 லிட்டரைத் தொடும். ஆகவே 30 லிட்டர் அண்டா வைத்திருப்பவர்கள் இந்தப் பையை வாங்கிப் பயனில்லை. 20 டிகிரியில் உள்ள மால்ட்டை 70 டிகிரித் தண்ணீரில் கொட்டினால் கலவை 67 டிகிரியில் வந்து நிற்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் இருவகை அமைலேஸ் நொதிகளும் ஒருங்கே வேலை செய்யும் வெப்பநிலை இது. அண்டாவைத் தடித்த கம்பளியால் சுற்றிவைத்தால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரி மட்டுமே இறங்குகிறது.

பையின் துணியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கண்ணிகள் மிக நுண்மையானவை என்பதால், மூன்று பாத்திர முறையில் செய்யத் துணியாத ஒன்றை இங்கே துணிந்து செய்யலாம்: மால்ட்டை மேலும் பொடியாக அரைக்கலாம். அங்கே உமி சிதையாமல் இருந்தால்தான் அது வடிகட்டிப் படுகையாக நிற்கும். பொடி மிகுந்தால் சாறு வடியாமல் அடைத்துக்கொள்ளும். இங்கே வடிகட்டும் வேலை துணியினுடையது. கடையில் வழக்கமான அளவில் அரைத்துத் தந்த மால்ட்டில் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் சாறு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 1.048 வந்தது, அதே மால்ட்டை ஆலையின் உருளைகளை நெருக்கிவைத்து மறுமுறை அரைத்தபோது 1.052 வந்தது. அதாவது சர்க்கரை மீட்பு ஏறத்தாழ 70 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பை முறையில் விளைச்சல் குறைவு என்று குறைப்படுபவர்கள் முதலில் அரைப்பைத்தான் கவனிக்க வேண்டும். நுண்பொடி சற்றுக் கசிந்து சாறு கலங்கலாகத் தெரிவது உண்மைதான் என்றாலும், கொதித்து, நொதித்து, குளிர்ந்து தெளிந்த பின் கோப்பையில் அதன் தடயமே இல்லை.

ஊறிய பையைத் தூக்குவது இந்த முறையின் கடினமான கட்டம். நீர் சொட்டும் நிலையில் அதன் எடை பத்துக் கிலோவைத் தாண்டும். பட்டைக் காதுகள் பையின் அடிவரை ஓடி இரட்டைத் தையலில் இணைந்திருப்பதால் எடை துணியின் மேல் விழாமல் பட்டைகளின் மேல் விழுகிறது. பையின் விலையை நியாயப்படுத்துவது இந்தத் தையல்தான். கூரை விட்டத்தில் கப்பி மாட்டி இழுத்தால் தனியாளாகச் சமாளிக்கலாம். தேங்காய்ப்பால் பிழிவதைப் போலப் பையை முறுக்கிப் பிழிந்து இன்னும் ஒரு லிட்டரை மீட்கலாம். பிழிந்தால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும் என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். துவர்ப்பை இழுத்துவருவது மிகை வெப்பமும், ஆறுக்கு மேற்பட்ட பிஹெச் அளவும்தானே தவிரப் பிழியும் கை அல்ல. ஆனால் ரப்பர் கையுறை அவசியம்.

குறைகளும் உண்டு. சுருக்குக் கயிறு மெலிந்தது. சூட்டில் நனைந்து உலர்ந்து விரைவிலேயே நூல் பிரியத் தொடங்கியதால் வேறு கயிறு கோக்க வேண்டியிருந்தது. அடியில் எரியும் அடுப்பை மால்ட் ஊறும்போது மூட்ட வேண்டி வந்தால், பையின் அடிப்பகுதி அண்டாவைத் தொட்டு உருகாமலிருக்க ஒரு எஃகுத் தட்டி வைக்க வேண்டும். கடை அதைத் தரவும் இல்லை, அறிவுறுத்தவும் இல்லை. எட்டுக் கிலோ மால்ட் கேட்கும் இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கனத்த பீர்களுக்கு 40 லிட்டர் அண்டா விளிம்புவரை நிரம்பிவிடும், விளைச்சலும் சரியும். அவற்றையே விரும்பிக் காய்ச்சுபவர்களுக்குப் பையைவிட வேறு ஏற்பாடே மேல். பம்பும் மின்சூடேற்றியும் உள்ளிணைந்த கிரெய்ன்ஃபாதர், பிரவ்மைஸ்டர் போன்ற கருவிகள் வெப்பநிலையைத் தாமே பிடித்துவைக்கும் வசதியைத் தருகின்றன. ஆனால் அந்த வசதிக்குக் கொடுக்கும் விலையில் பல ஆண்டுக்கான மால்ட் வாங்கலாம் என்பது என் கருத்து.

சாற்றைக் குளிர்விக்கச் சுருள்குழாய் வாங்காமல், கொதிக்கும் சூட்டிலேயே கெட்டியான பிளாஸ்டிக் கலனில் அடைத்து இரவு முழுதும் ஆறவிடும் ஆஸ்திரேலிய வழக்கம் இந்தப் பையுடன் நன்றாகவே ஒத்துப்போகிறது. அப்போது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸில் கடைசியில் இட்ட பங்கும் சூட்டில் நெடுநேரம் கிடந்து கசப்பைக் கூட்டும் என்பதால் அந்த ஹாப்ஸின் அளவைக் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம்.

பையைத் துப்புரவு செய்வது எளிது. சக்கையை உரக்குழியில் கொட்டி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பிக் குழாய்நீரில் அலசி, சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் போதும். மணமூட்டிய சலவைத்தூள் மட்டும் கூடாது, அதன் வாசனை துணியிலேயே தங்கிவிடும். அடித்தையலின் மடிப்பில் உமி சிக்கிக்கொள்கிறது. அதைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு, பையை நிழலில் முழுமையாக உலர்த்திய பிறகே மடித்துவைக்க வேண்டும்.