லிவிங் வில்: எந்தப் படிவம் மருத்துவமனையில் செல்லும்?

நீங்களே முடிவு சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்தான் லிவிங் வில். அதற்கான படிவம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மாஜிஸ்திரேட் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தால் அது பழசு. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறையில்தான் அந்தக் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரி 24 உத்தரவு அதை எடுத்துவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் போதும். முத்திரைத்தாள் கட்டாயம் என்று அந்த வழிகாட்டுதல்களில் இல்லை. அதைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பத்திர எழுத்தர்களிடம் கிடைக்கும் ஒரு பக்கப் படிவங்கள் இந்தச் சம்பிரதாயத்தில் பெரும்பாலும் தேறிவிடும். சறுக்குவது உள்ளடக்கத்தில். ‘தேவையற்ற சிகிச்சை வேண்டாம்’, ‘இயந்திரத்தில் வைக்க வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். நிமோனியாவுக்கு நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. அதே வென்டிலேட்டர் முற்றிய புற்றுநோயில் வேதனையை நீட்டிக்கவும் செய்யும். அந்த ஒற்றை வரி எதைச் சொல்கிறது? வாசகம் தெளிவில்லை என்றால் மருத்துவக் குழு ஆவணத்தைச் செயல்படுத்தக் கூடாது என்பதே விதி. அப்புறம் ஆவணமே எழுதாதவருக்கு உள்ள நடைமுறைதான் உங்களுக்கும்.

நல்ல படிவம் நிலைமையையும் சிகிச்சையையும் சேர்த்துக் கேட்கும். குணமாகாத இறுதிக்கட்ட நோய், நினைவு திரும்பாத நிலை, முற்றிய மறதிநோய் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்பது, வென்டிலேட்டர், டிராக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பது), டயாலிசிஸ், குழாய் வழி உணவு ஆகியவை வேண்டுமா என்று கேட்க வேண்டும். ‘சில நாள் முயன்று பார்த்து, பலனில்லை என்றால் நிறுத்தலாம்’ என்று எழுதவும் இடம் இருக்க வேண்டும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கடைசிவரை தொடர வேண்டும் என்ற வரி இல்லாத படிவத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஊசி போட்டு உயிரைப் போக்கச் சொல்லும் வாசகம் இந்தியாவில் செல்லாது.

உங்கள் சார்பில் சம்மதம் சொல்ல ஒருவருக்கு மேல் பெயர் எழுதலாம். ஒரே பெயருக்கு மட்டும் இடம் விட்ட படிவத்தில் இரண்டாவது பெயரைச் சேர்த்துவிடுங்கள். அந்த ஒருவர் அன்றைக்கு வெளிநாட்டில் இருக்கக்கூடும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாதவர்களாக இருந்தால் பின்னால் சண்டை வராது. சொத்து உயிலுக்குள் இதை ஒரு பத்தியாகச் செருகித் தருபவர்களிடம் போகவே வேண்டாம். உயிலைப் பிரிப்பது இறந்த பிறகுதானே!

எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஐசியுவில் மறுநாளே எல்லாம் நடந்துவிடாது. சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதல் குழு. அதன்பின் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் உள்ள இரண்டாம் குழு. சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவர் முதலில் பார்ப்பது ஆவணம் உண்மையா என்பதை. அதனால் பெயர் குறித்தவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒன்று போக வேண்டும். பல ஊர்களில் அதை வாங்கி வைக்கும் அதிகாரி யார் என்பதே தெளிவாக இருப்பதில்லை. ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மூலப் பிரதியுடன் இணைத்து வையுங்கள்.