ஹை ஸ்பீடு டிஸ்பெர்சர்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

பெயின்ட் தயாரிப்பில் பல வருடங்களாக நான் ஓட்டுவது ஹை ஸ்பீடு டிஸ்பெர்சர், அதாவது பொடியைத் திரவத்தில் வேகமாகக் கலக்கிக் கட்டிகளை உடைக்கும் இயந்திரம். ரம்பப் பல் பிளேடு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி, அவ்வளவுதான் அமைப்பு. புதிதாக வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) போகும்?" என்பதுதான். பிளேடின் விட்டத்தைச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை. 300 மி.மீ. பிளேடு 1400 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகத்தில் போகும். பிக்மென்ட் (நிறப்பொடி) கட்டிகள் உடைய 18 முதல் 25 மீட்டர் வேண்டும். அதே ஆர்பிஎம்மில் 150 மி.மீ. பிளேடு போட்டால் வேகம் பாதிதான்; பொடி கலங்கும், கட்டி அப்படியே கிடக்கும். பிளேடு டேங்க் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரியாக வரும்.

ஆனால் என் அனுபவத்தில் வேகத்தைவிடக் கலவையின் கெட்டித்தன்மைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபார்முலாவில் உள்ள திரவம் முழுவதையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் துகள்கள் நழுவிக்கொண்டே இருக்கும், அவற்றின் மேல் அழுத்தம் விழாது. கொஞ்சம் திரவம், அதில் டிஸ்பெர்சன்ட் (துகள்கள் மறுபடி ஒட்டாமல் பிரித்து வைக்கும் பொருள்), நுரையடக்கி, அப்புறம் பொடி. மெதுவான வேகத்தில், சுழியின் சரிவில் பொடியைத் தூவ வேண்டும். ஷாஃப்ட் மேலோ சுவர் மேலோ விழக் கூடாது. கலவை தடித்து வர வர வேகத்தைக் கூட்டுவேன். மேற்பரப்பு மெதுவடை போல உருண்டு, நடுவில் பிளேடின் ஓரம் லேசாகத் தெரிந்தால் ஓட்டம் சரி. சுழி ஆழமாகி பிளேடு முழுக்க வெளியே தெரிந்தால் காற்றை இழுக்கிறது என்று பொருள்.

சிஎம்சி, சாந்தன் கம் போன்ற, கலவையைத் தடிக்க வைக்கும் பொடிகள் தனி ரகம். தண்ணீர் பட்டதும் வெளிப்புறம் ஜெல்லாகி மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த பொடி மாட்டிக்கொள்ளும். அந்த மீன்கண் கட்டிகளைப் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் கரைப்பது பெரும்பாடு. முன்கூட்டியே, இந்தப் பொடிகள் ஊறாத கிளைகால் என்ற திரவத்தில் குழைத்துச் சேர்ப்பதுதான் எனக்கு நம்பகமான வழி.

நேரத்தைப் பார்த்து நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துகள் நுண்மையை அளக்கும், சாய்வான பள்ளம் கொண்ட ஹெக்மன் கேஜின் ஆழமான முனையில் ஒரு துளி வைத்து, அதனோடு வரும் தட்டையான வழிப்பானால் ஒரே சீராக இழுத்து, உடனே வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பேன். புள்ளிகள் கூட்டமாகத் தெரியத் தொடங்கும் இடம்தான் அளவு. நேரம் போனால் கரைப்பான் காய்ந்து பொய்யான புள்ளிகள் வரும்.

குறைகளும் உண்டு. ஓட ஓடக் கலவை சூடாகி நீர்த்துவிடும். அரைப்பு விசையும் கூடவே குறையும். குளிர்நீர் உறை உள்ள டேங்க் இருந்தால் நல்லது. பற்கள் தேய்ந்த பிளேடு அதே ஆர்பிஎம்மில் அரைக் காரியம்தான் செய்யும், ஆகவே பற்களை அடிக்கடி பாருங்கள். கரைப்பான் உள்ள கலவையில் பொடி கொட்டும்போது டேங்க்குக்கு எர்த்திங் கட்டாயம். கார்பன் பிளாக் மாதிரி பிடிவாதமான பிக்மென்ட்டுக்கு இந்த இயந்திரம் முன்தயாரிப்பு மட்டும்தான். நுண்மை வேண்டுமென்றால் அடுத்து சிறு மணிகளால் அரைக்கும் பீட் மில்லுக்குத்தான் அனுப்ப வேண்டும்.