எஸ்2எஸ் கதிர்வீச்சு மாடல்: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில்

ஃப்ளூயண்ட் என்ற சிமுலேஷன் மென்பொருளில் எஸ்2எஸ் (சர்ஃபேஸ் டு சர்ஃபேஸ், பரப்புக்குப் பரப்பு போகும் கதிர்வீச்சை மட்டும் கணக்கிடுவது) மாடலை ஆன் செய்ய ரெண்டு கிளிக் போதும். அதன் விடையை நம்பத்தான் நாளாகும். வேக்கம் ஃபர்னஸ், ஹீட் ஷீல்டு போன்ற வேலைகளுக்கு இது கச்சிதம். எரிவாயு எரியும் அறைக்கு ஆகாது. அங்கே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கதிர்வீச்சை உறிஞ்சும், எஸ்2எஸ் அதைக் கண்டுகொள்ளாது. அதற்கு, நடுவிலுள்ள வாயுவையும் கணக்கில் எடுக்கும் டிஓ (டிஸ்கிரீட் ஆர்டினேட்ஸ்) மாடல் இருக்கிறது.

புது கேஸில் கை வைக்கும் முன் ஒரு சோதனை ஓட்டம் அவசியம். எதிரெதிரே 1 மீட்டர் சதுரத் தகடுகள் இரண்டு, இடைவெளி 10 மில்லிமீட்டர். வெப்பநிலை 800, 400 கெல்வின். எமிசிவிட்டி (பரப்பு கதிர்வீச்சை உமிழும் திறன், 0 முதல் 1 வரை) இரண்டுக்கும் 0.8. முடிவில்லாத் தகடுகளுக்கான கைக்கணக்கில் சதுர மீட்டருக்கு 14,515 வாட் வரும். விளிம்பு வழியே கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். 2,900 பக்கம் வந்தால் எங்கோ வெப்பநிலையின் நாலாம் படிக்குள் கெல்வினுக்குப் பதில் செல்சியஸ் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சொந்தமாக எழுதும் யுடிஎஃப்பிலும் (ஃப்ளூயண்டில் சேர்க்கும் நிரல்), கெல்வினுக்கு மாற்றும் ஆஃப்செட் கொடுக்காமல் செல்சியஸில் ஓட்டும் ஏபிடிஎல்லிலும் (ஆன்சிஸின் கட்டளை மொழி) இது சகஜம்.

பெரும்பாலும் சறுக்குவது வியூ ஃபேக்டரில், அதாவது ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் இன்னொன்றை எட்டும் பங்கில். இதே சோதனையில் மெஷ் (பரப்பைத் துண்டாக்கும் கட்டம்) 20 மில்லிமீட்டர் என்றால், இடைவெளியை விட ஒவ்வொரு ஃபேஸும் (கட்டத்தின் ஒரு துண்டு) பெரிது. வியூ ஃபேக்டரைக் கணக்கிடும் ஹெமிக்யூப் முறை ஃபேஸின் மையத்திலிருந்துதான் பார்க்கிறது. இத்தனை நெருக்கத்தில் அந்தப் பார்வை தப்பும். மெஷைப் பொடியாக்க வேண்டும், இல்லை கதிர்களை விட்டுத் தடம் பார்க்கும் ரே டிரேசிங் முறைக்கு மாற வேண்டும். மூடிய அறையில் வியூ ஃபேக்டர் மேட்ரிக்ஸின் ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 1 வர வேண்டும். கூட்டுத்தொகையைச் சரிக்கட்டும் ஸ்மூத்திங் போட்டால் எப்படியும் 1 வந்துவிடும். எனவே ஸ்மூத்திங்குக்கு முந்தைய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். காம்சால் என்ற இன்னொரு மென்பொருளிலும் ஒரு பொறி உண்டு: அதன் டைரக்ட் ஏரியா இன்டக்ரேஷன் முறை நிழலைக் கணக்கில் எடுக்காது. ஷீல்டு நடுவில் நின்றாலும் வெப்பம் அதை ஊடுருவிப் போகும்!

மெமரி கணக்கு எளிது. 20,000 ஃபேஸ் என்றால் முழு மேட்ரிக்ஸில் 40 கோடி எண்கள், எண்ணுக்கு 8 பைட் வீதம் 3.2 ஜிபி. ஃபேஸ்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கிளஸ்டர் செய்தால் 32 எம்பி. தூரத்துச் சுவர்களில் கிளஸ்டருக்குப் பத்தோ இருபதோ ஃபேஸ் தாராளமாகக் கொடுக்கலாம். ஹீட்டர் ஓரத்திலும் ஷீல்டு விளிம்பிலும் 1-ஐ விட்டு நகரக் கூடாது.

எமிசிவிட்டியைப் புத்தகத்தில் பார்த்துப் போடுகிறவர்கள் பளபளப்பான உலோகத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதே தகடுகளில் 0.80-ஐ 0.85 ஆக்கினால் வெப்பம் 11 சதவீதம்தான் கூடும். 0.05-ஐ 0.10 ஆக்கினால் 558 வாட் 1,146 ஆகிவிடும். ஷீல்டில் லேசாக ஆக்சைடு படிந்தாலே இந்த அளவு மாற்றம் வரலாம். அதனால் ஒரே எண்ணில் நிற்காமல் மேலும் கீழுமாக நாலைந்து மதிப்புகள் போட்டு ஓட்டுவது நல்லது. வியூ ஃபேக்டர் வடிவத்தை மட்டும் சார்ந்தது, அத்தனை ஓட்டத்துக்கும் ஒரே ஃபைல் போதும். மெஷையோ கிளஸ்டரையோ தொட்டால் மட்டும் அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும்.