எதிர்வீட்டுச் சண்டையும் பங்காளிச் சண்டையும்: ஒயாசிஸ், பிளர், பல்ப் திரும்பி வந்த கதை

ஒயாசிஸா, பிளரா? 1995-ல் இங்கிலாந்தின் பள்ளிக்கூட வாசலிலும் பப்களிலும் ஓடிய விவாதம் இது. 30 வருஷத்தில் இந்த இரண்டு பிரிட்டிஷ் ராக் இசைக்குழுக்களும் பிரிந்தன, சேர்ந்தன, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தை நிரப்பியும் காட்டிவிட்டன. பல்ப், ஸ்வேட், ஸ்டோன் ரோசஸ், தி வெர்வ் என்று அந்தக் காலத்துக் குழுக்கள் பலவும் ஒருமுறையாவது திரும்பி வந்தன. அதனால் இப்போது கேட்க வேண்டியது வேறு: இவர்களில் யார் உருப்படியாகத் திரும்பி வந்தார்கள்? இனிமேலும் யாரை எதிர்பார்க்கலாம்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவுக்கும் குழுவுக்கும் நடந்தது எதிர்வீட்டுச் சண்டை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது, இரண்டு வீட்டிலும் ரெக்கார்டு விற்றது. குழுவுக்குள் நடந்ததுதான் பங்காளிச் சண்டை. இவர்களைப் பிரித்தது அது. திரும்பி வருவார்களா, வந்தால் எத்தனை நாள் நிலைப்பார்கள் என்பதும் அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது என்பதைப் பொறுத்ததுதான்.

எதிர்வீட்டுச் சண்டையை முதலில் பார்த்துவிடலாம். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரின் ‘கன்ட்ரி ஹவுஸ்’, ஒயாசிஸின் ‘ரோல் வித் இட்’ இரண்டும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. தற்செயலாக அல்ல, பிளர் தரப்பு தன் பாட்டின் தேதியை மாற்றி நேருக்கு நேர் மோத வைத்தது. தொலைக்காட்சிச் செய்தியில் தேர்தல் முடிவு மாதிரி இது ஓடியது. வட இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து வந்த உழைக்கும் வர்க்கப் பையன்கள் ஒரு பக்கம், தெற்கிலிருந்து லண்டன் கலைக் கல்லூரி வழியாக வந்த பையன்கள் மறுபக்கம் என்று வர்க்கப் போராகவே எழுதினார்கள். முதல் வார விற்பனை: பிளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000. பிளர் ஜெயித்தது. ஆனால் அந்த அக்டோபரில் ஒயாசிஸின் இரண்டாவது ஆல்பம் வந்ததும் கணக்கு தலைகீழானது. அடுத்த ஆகஸ்டில் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் அவர்களைப் பார்த்தார்கள். அந்தப் போரில் வென்றது ஒயாசிஸ்தான் என்று 2025-ல் பிளரின் பாடகர் டேமன் ஆல்பர்னே ஒப்புக்கொண்டார்.

அந்த இரண்டு பாட்டுமே இரண்டு குழுக்களின் சிறந்த பாட்டுகளில் சேராது என்பது என் கருத்து. சண்டைக்காகத்தான் அவை நினைவில் நிற்கின்றன. அந்தச் சண்டையும் எப்போதோ ஆறிப்போனது. 2013 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், புற்றுநோய் பாதித்த இளைஞர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில், டேமனும் அவர் குழுவில் கிட்டார் வாசிக்கும் கிரஹாம் காக்ஸனும் பிளரின் ‘டெண்டர்’ பாட்டைப் பாட, பக்கத்தில் ஒயாசிஸின் பாட்டெழுதும் கிட்டார்காரர் நோயல் கேலகர் நின்று கூடவே பாடினார். 2017-ல் டேமனின் இன்னொரு குழுவான கொரில்லாஸின் ஆல்பத்திலும் நோயலின் குரல் வந்தது. அண்ணன் எதிர்வீட்டுக்காரருடன் ராசியாகி நாலு வருஷம் ஆகியிருந்த அந்த நேரத்திலும், ஒயாசிஸின் பாடகரான சொந்தத் தம்பி லியமுடன் பேச்சுவார்த்தை இல்லை.

கேலகர் வீட்டுச் சண்டை குழு பேர் வாங்கிய நாளிலிருந்தே கூட வந்தது. 1994-ல் பேட்டி கொடுக்க உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேரும் போட்ட சண்டையின் ஒலிப்பதிவே அடுத்த வருஷம் தனி ரெக்கார்டாக வெளிவந்து விற்றது. 1996 ஆகஸ்டில் எம்டிவி தொலைக்காட்சியின் அன்ப்ளக்ட் நிகழ்ச்சி. தொண்டை சரியில்லை என்று லியம் மேடையேறவில்லை. நோயல் எல்லாப் பாட்டையும் தானே பாடினார். பாட முடியாத தம்பியோ மேல்மாடத்தில் பீரும் சிகரெட்டுமாக உட்கார்ந்து அண்ணனைக் கிண்டலடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த ஒரு இரவிலேயே எல்லாம் இருக்கிறது: பாட்டெழுதுகிறவர் ஒருவர், அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுக்கும் குரல் இன்னொருவருடையது, இரண்டு பேருக்குமே மற்றவர் இல்லாமல் முழுசாகச் செய்ய முடியாது. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடைக்குப் பின்னால் ஒரு கிட்டார் உடைந்தது, நோயல் கிளம்பிப் போய்விட்டார். அன்றைய நிகழ்ச்சியும் ரத்து, குழுவும் அதோடு முடிந்தது.

மறுபடி சேர்கிறோம் என்ற அறிவிப்பு 2024 ஆகஸ்ட் 27 அன்று வந்தது. 15 வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் அண்ணனும் தம்பியும் கையைக் கோத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். இரண்டாவது பாட்டாக ‘அக்வியெஸ்’. இந்தத் தேர்வைக் கவனியுங்கள். சரணத்தை லியம் பாட, பல்லவியை நோயல் எடுத்துப் பாடும் பாட்டு அது. நாம் ஒருவருக்கொருவர் வேண்டும் என்று அந்தப் பல்லவி சொல்கிறது. 1995-ல் ஒரு சிங்கிளின், அதாவது ஒற்றைப் பாட்டு ரெக்கார்டின், பின்பக்கத்தில் வந்த பாட்டு அது. எங்களைப் பற்றி எழுதியதல்ல என்று நோயல் சொல்லியிருக்கிறார். ஆனால் 16 வருஷம் ஒரே மேடையில் நிற்காத இருவர் மாறி மாறி அதைப் பாடும்போது வேறு எப்படிக் கேட்பது? எனக்கு அந்த நாலு நிமிஷம் ஒன்றே போதும்.

சரி, குறைகளையும் பார்க்க வேண்டும். முதல் குறை டிக்கெட். 2024 ஆகஸ்ட் 31 அன்று இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தவர்களில் பலருக்கு, முறை வந்தபோது 150 பவுண்டு என்று நினைத்த டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. தேவை கூடக் கூட விலை ஏறும் முறை. விவகாரம் பிரிட்டிஷ் சந்தைப் போட்டி ஆணையத்தின் விசாரணை வரை போனது. விலை வைப்பதில் தங்களுக்குப் பங்கில்லை என்று குழு சொன்னது, அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு அந்த முறையைக் கைவிட்டது. அரசு குடியிருப்பில் வளர்ந்து, அந்த வாழ்க்கையைப் பாடிப் பெரிய ஆளான குழு இது. அவர்களுடைய ரசிகர்களுக்கு இப்படி நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது குறை, புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. 41 நிகழ்ச்சிகள், ஐந்து கண்டங்கள், பாட்டு வரிசை கிட்டத்தட்ட மாறவே இல்லை. அநேகமாக எல்லாமே 1994 முதல் 97 வரை வெளிவந்தவை. கேட்கக் கேட்கச் சலிக்காத பாட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய பாட்டை நன்றாகப் பாடுவதற்கு பங்காளிகள் பகையைத் தள்ளிவைத்தால் போதும், தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. புதுசாக ஒரு பாட்டெழுத ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனைக்கு கேலகர்கள் இன்னும் போகவில்லை.

பிளர் அந்தச் சோதனைக்குப் போனது, தேறவும் செய்தது. டேமனும் காக்ஸனும் கோல்செஸ்டரில் பள்ளித் தோழர்கள். 2002-ல் ஆல்பம் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே காக்ஸன் வெளியேறினார். அந்த ஆல்பத்தில் அவர் கிட்டார் கேட்பது ஒரே ஒரு பாட்டில், அதுவும் கடைசிப் பாட்டில். 2009-ல் திரும்பிச் சேர்ந்தபோது பெரிய மைதானத்துக்குப் போகவில்லை. கோல்செஸ்டர் பக்கத்தில் ஒரு ரயில் அருங்காட்சியகம், அவர்கள் முதன்முதலில் வாசித்த இடம், அங்கே போய் வாசித்தார்கள். அப்புறம்தான் கிளாஸ்டன்பரி இசை விழா. அங்கே பாதியில் டேமன் மேடையிலேயே அழுதுவிட்டார்.

ஆனால் எனக்கு முக்கியமானது அதற்கடுத்த கதை. 2013-ல் ஜப்பானில் நடக்க இருந்த விழா ரத்தாகி, நாலு பேரும் ஹாங்காங்கில் ஐந்து நாள் சும்மா மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஒரு ஸ்டூடியோவில் ஏதேதோ வாசித்துப் பதிந்து வைத்தார்கள், பிறகு அது கிடப்பில் போனது. மறு வருஷம் காக்ஸன்தான் அந்த டேப்களைக் கேட்டு வாங்கினார். பழைய தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டுடன் உட்கார்ந்து அவற்றுக்குப் பாட்டின் வடிவம் கொடுத்தார், அதன் பிறகு டேமன் வரிகள் எழுதினார். 2015-ல் ‘தி மேஜிக் விப்’ ஆல்பமாக வந்தது. விலகிப்போன நண்பன் வேலை வழியாகத் திரும்பி வந்து கேட்ட மன்னிப்பு என்றே நான் அதைக் கேட்கிறேன். 2023 ஜூலையில் வெம்ப்ளியில் இரண்டு இரவுகள், அதே மாதம் இன்னொரு புது ஆல்பம். ஒயாசிஸ் வெம்ப்ளியில் ஏழு இரவுகள் வாசித்தது என்பது உண்மை. கூட்டத்தை எண்ணினால் ஒயாசிஸ், பாட்டை எண்ணினால் பிளர். நான் பாட்டை எண்ணுகிறவன்.

பிளரின் பலவீனம், ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்ற தொனியில் போவது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் கூட்டம் சேர்ந்து பாடாததைப் பார்த்து, இனி எங்களைப் பார்க்கவே மாட்டீர்கள் என்று டேமன் மேடையிலேயே சொல்லிவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009, 2012, 2015, 2023 என்று அவர்கள் வந்த ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும், இடைவெளி விட்டு வருவதுதான் அவர்கள் பழக்கம்.

மூன்றாவது ஆளாக பல்பைச் சேர்க்காமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. ஷெஃபீல்டில் 1978-ல் பாடகர் ஜார்விஸ் காக்கர் பள்ளி வயதில் தொடங்கிய குழு. 17 வருஷம் காத்திருந்து பேர் வாங்கியவர்கள் என்பதால்தானோ என்னவோ, ஊரறிய அடித்துக்கொண்ட கதை இவர்களிடம் இல்லை. 1995-ல் ஸ்டோன் ரோசஸின் கிட்டார்காரர் ஜான் ஸ்குவயருக்குக் கழுத்தெலும்பு முறிந்து கிளாஸ்டன்பரியில் இடம் காலியானபோது, கடைசி நேரத்தில் வந்து நின்று ‘காமன் பீப்பிள்’ பாடி ஊரையே கவர்ந்தார்கள். 2023 மார்ச்சில் பேஸ் வாசித்த ஸ்டீவ் மேக்கி இறந்துபோனார். ஏற்கெனவே அறிவித்திருந்த நிகழ்ச்சிகளை அந்த வருஷமே வாசித்து முடித்தார்கள். 2025 ஜூனில் ‘மோர்’ என்ற புது ஆல்பம், 24 வருஷத்தில் முதல் ஆல்பம், மேக்கிக்குக் காணிக்கை. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே மாதம் கிளாஸ்டன்பரி அட்டவணையில் ‘பேட்ச்வொர்க்’ என்று வேறொரு பெயரைப் போட்டுவிட்டு மேடையேறினார்கள். மழைக்கோட்டு போட்ட ஆட்கள் முதலில் வந்து நின்றார்கள், பின்னாலேயே பல்ப். 30 வருஷத்துக்கு முன் பேர் வாங்கிக் கொடுத்த அதே விழாவில் அதே ‘காமன் பீப்பிள்’.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தி வெர்வ் 2007-ல் சேர்ந்து, 2008-ல் ஒரு ஆல்பம் போட்டு, 2009-ல் மறுபடி உடைந்தது. பங்காளிச் சண்டை தீராமல் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஸ்வேட் இதற்கு நேர் எதிர். கிட்டார் வாசித்த பெர்னார்ட் பட்லர் 1994-லேயே போய்விட்டார், அவர் இல்லாமலே குழுவைக் கட்டி நிறுத்தினார் பாடகர் பிரெட் ஆண்டர்சன். 2003-ல் பிரிவதற்கு முன் ஐந்து ஆல்பம், 2010-ல் திரும்பி வந்த பிறகு இதுவரை ஐந்து ஆல்பம். திரும்பி வந்தவர்கள் என்று இவர்களை இனிமேல் சொல்வதே தப்பு, வேலையில் இருக்கிற குழு. இந்தப் பட்டியலில் இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ஆக, நாளைக்கே யாராவது தேதி அறிவித்தால் என்ன செய்வது? பல்ப், ஸ்வேட் என்றால் யோசிக்காமல் டிக்கெட் எடுப்பேன். பிளர் என்றால் முதல் ஆளாக நிற்பேன். ஒயாசிஸ் என்றால் விலையை முன்கூட்டியே அச்சடித்துச் சொல்கிறார்களா என்று பார்ப்பேன், புதுப் பாட்டு உண்டா என்று கேட்பேன்.

ஸ்டோன் ரோசஸுக்காக மட்டும் காத்திருக்க முடியாது. 15 வருஷம் பேசாமல் இருந்த பாடகர் இயன் பிரவுனும் ஜான் ஸ்குவயரும் 2011-ல் நேருக்கு நேர் சந்தித்தது பேஸ் வாசித்த மானியின் அம்மாவுடைய இறுதிச் சடங்கில். அந்தச் சந்திப்புக்குப் பிறகு அதே ஆண்டில் குழு சேர்ந்தது, 2012-ல் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் மூன்று நாள் நிரம்பியது. 2017 ஜூனில் கிளாஸ்கோவில் கடைசி நிகழ்ச்சி. பாட்டுக்கே வர வேண்டும் என்ற ஆசையை லியமுக்குக் கொடுத்தது அவர்கள்தான். 2025 நவம்பர் 20 அன்று மானி இறந்துபோனார், வயது 63. அந்த வார இறுதியில் ஒயாசிஸ் பிரேசிலின் சாவோ பாலோவில் அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசி இரண்டு இரவுகளை வாசித்தது.