ஷிப்ட் வேலைக்காரர்கள் மேசைக்கு எது ஒத்துவரும்: டி அண்ட் டியா, டன்ஜன் வேர்ல்டா, கெய்ர்னா?

எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் போட்ட தென்னமரம் எஸ்டேட் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இங்கே யார் எப்போது ஓய்வாக இருப்பார் என்பதை இன்றைக்கும் செம்பனைக் குலைதான் முடிவு செய்கிறது. குலை அதிகம் வருகிற மாதங்களில் எண்ணெய் ஆலை இரவு பகலாக ஓடும். ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவன் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வந்து உட்காருவான் என்று எந்தச் சாமி மேலும் சத்தியம் செய்ய முடியாது.

நான் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பட்டறையை மூடிய பிறகு அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், மேசை போட்டு ஐந்து பேர் பகடைக் கதையாட்டம் விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள்; தலைப்பில் உள்ள மூன்றும் அப்படிப்பட்ட ஆட்டங்கள். வாள், மந்திரம், குகை, புதையல் எல்லாம் உண்டு. ஆலையில் வேலை செய்யும் மச்சான், தமிழ்ப் பள்ளி வாத்தியார் அண்ணன், லாரி ஓட்டும் தம்பி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் சித்தி மகள். ஆட்டத்தை நடத்துவது நான். டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதன் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை ஒன்றரை வருடம் ஆடினோம். அப்புறம் ஆறு சனிக்கிழமை டன்ஜன் வேர்ல்ட். இப்போது நாலு மாதமாகக் கெய்ர்ன். என் சாய்வு கெய்ர்ன் பக்கம்தான், மறைக்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். நாங்கள் ஆடிய டி அண்ட் டியில் ஆட்டக்காரர் புத்தகம் மட்டுமே 320 பக்கம். கெய்ர்னை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம், ஒரு பள்ளி நோட்டு கனம்கூட வராது. டன்ஜன் வேர்ல்ட் நடுவில். அழகான படம், பூதங்களின் பட்டியல், தயாராக எழுதி வைத்த சாகசங்கள் வேண்டுமென்றால் டி அண்ட் டியை அடிக்க ஆளில்லை.

சரி, பிறகு ஏன் விட்டோம்? முதல் எரிச்சல் சண்டை. டி அண்ட் டியில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. எங்கள் மேசையில் அது இருபது நிமிடம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், ஒரு ரியாக்‌ஷன், 30 அடி நடை. தம்பி தன் முறை வந்ததும்தான் தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளைப் புரட்ட ஆரம்பிப்பான். வாத்தியார் அண்ணன் ஒரு தடவை தன் முறை முடிந்ததும் எழுந்து போய், மாமாக் கடையில் ரொட்டி சானாய் சொல்லி, அது வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் திரும்பினார். இன்னும் அவர் முறை வரவில்லை. வந்தபோது இருபது முகப் பகடையை உருட்டினார், 6 விழுந்தது, படவில்லை. "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆள்.

இந்த விதிகள் இப்படி இருப்பதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. டி அண்ட் டி 1974இல் வந்தது, ஆனால் அதன் வேர் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டில். 1971இல் வந்த செயின்மெயில் அப்படிப்பட்ட ஒன்று. முறை வைத்து நகர்வது, அடி படுகிறதா என்று பார்ப்பது, தூரம் அளப்பது எல்லாம் அந்த வீட்டுச் சொத்து. எத்தனை அடி தாங்கலாம் என்று சொல்லும் ஹிட் பாயிண்டும் அப்படித்தான். ஐந்தாம் லெவல் (ஆட ஆட ஏறும் படிநிலை) வீரன் நாலு கோடாலி வெட்டு வாங்கிய பிறகும் முதல் நிமிடம் போலவே வெட்டுகிறான். கடைசிப் புள்ளி போனால்தான் விழுகிறான். இந்தப் புள்ளிகள் முழுக்கச் சதையும் ரத்தமும் இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் அதில் சேர்ந்தது என்று டி அண்ட் டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே 1979இல் ஆட்டம் நடத்துபவர்களுக்கான புத்தகத்தில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. விளக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் புள்ளியைத் திருப்பித் தரும் மந்திரத்துக்குக் 'காயம் ஆற்றுதல்' என்று பெயர் வைத்தால், அதிர்ஷ்டத்துக்கு எதற்கு மருந்து என்று சித்தி மகள் கேட்பாள். கேட்டாள்.

இதெல்லாம் எரிச்சல்கள்தான். இவற்றுக்காக மட்டும் விட்டிருக்க மாட்டோம். முடிவு செய்தது வேறு ஒன்று: இடையில் காணாமல் போனவன் திரும்பி வந்து உட்கார என்ன செலவாகிறது என்பது.

மச்சான் ஒரு தடவை ஐந்து வாரம் வரவில்லை. வருவதற்குள் மற்றவர்கள் இரண்டு லெவல் ஏறிவிட்டார்கள். பாவம் என்று அவனையும் ஏற்றிவிட்டேன். ஏற்றுவது என்றால் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண் எழுதுவதில்லை. 3ஆம் லெவலில் அவனுடைய போர்வீரன் எந்த வகைப் போர்வீரன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 4ஆம் லெவலில் எந்தத் திறன் கூட வேண்டும் என்று பார்க்க வேண்டும். புது ஹிட் பாயிண்ட், புது வித்தைகள், எதை எத்தனை தடவை பயன்படுத்தலாம், எப்போது ஓய்வெடுத்தால் திரும்பக் கிடைக்கும். ஆலையிலிருந்து நேராக வந்தவன், சட்டையில் எண்ணெய் வாடை அடிக்கிறது, புத்தகத்தை என் முன்னால் தள்ளி, "நீயே பார்த்து எதையாவது போடு" என்றான். போட்டேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலியிலேயே தூங்கியிருந்தான்.

பட்டறைக்கு வருகிற வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சில வண்டி இரண்டு மாதம் ஓட்டாமல் கிடந்தால் பேட்டரி, கார்ப்பரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, மழையில் போட்டு வைத்து மூன்றாம் மாதம் உதைத்தாலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். எங்களுக்குக் கப்சாய் தேவைப்பட்டது.

டன்ஜன் வேர்ல்டுக்குப் போனது அதனால்தான். 2012இல் வந்தது, முறை வைத்துச் சண்டை போடும் வழக்கத்தையே தூக்கிப் போட்டது. இரண்டு ஆறு முகப் பகடை உருட்டி, திறன் எண்ணைக் கூட்ட வேண்டும்: 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 என்றால் நடக்கும் ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், 6 அல்லது அதற்குக் கீழே என்றால் என்ன வம்பு என்பது என் கையில். முதல் இரண்டு வாரம் அஞ்சடியே அதிர்ந்தது. வாத்தியார் அண்ணனின் 'அவ்வளவுதானா'வுக்கு இதில் இடமே இல்லை, ஒவ்வொரு உருட்டலிலும் ஏதாவது நடக்கும்.

களைத்தது நான்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திறன் எண் 0, +1, +2 எதுவாக இருந்தாலும், 36 வாய்ப்பில் 15 அல்லது 16 அந்த நடு ரகத்தில் விழுகிறது. அதாவது பத்தில் நாலு தடவைக்கு மேல், "நடக்குது, ஆனா…" என்று சொல்லி அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு, நாள் முழுக்க டயர் கழற்றியவன் மூளையில் எத்தனை 'ஆனா' இருக்கும்? மூன்றாம் வாரத்தில் எல்லாருடைய வாளும் கை நழுவ ஆரம்பித்தது. "அண்ணே, முடியுமா முடியாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான் தம்பி. அதோடு, ஒவ்வொரு பாத்திரமும் மற்றவர்களோடு தனக்குள்ள பந்தத்தை ஒரு வரியாக எழுதி வைத்து, அது தீர்ந்தால் புள்ளி வாங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அழகான யோசனை. ஆனால் மச்சானைப் பற்றி எழுதிய வரிகள் அவன் இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா கிடந்தன. ஆறு வாரத்தில் ஓர் ஆட்டத்தை முழுதாக எடைபோட முடியாது. நன்றாக நடத்தத் தெரிந்தவர்கள் கையில் இது வேறு மாதிரி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கெய்ர்ன் 2020இல் வந்தது. இதில் லெவல் கிடையாது. போர்வீரன், மந்திரவாதி என்ற வகுப்பும் கிடையாது. உடல் பலம், சுறுசுறுப்பு, மன உறுதி என்று மூன்றே திறன். மூன்று ஆறு முகப் பகடையின் கூட்டுத்தொகை ஒவ்வொன்றுக்கும். அப்புறம் பத்துக் கட்டம், அதில் சாமான். நீ யார் என்பது நீ என்ன தூக்கிக்கொண்டு போகிறாய் என்பதுதான். டி அண்ட் டியில் பலத்தை 15ஆல் பெருக்கினால் அத்தனை பவுண்டு சுமக்கலாம். கிலோவில் வளர்ந்த தம்பி ஒரு நாளும் அதைக் கணக்குப் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. பத்துக் கட்டம் என்றதும் "மோட்டார் கூடை மாதிரி" என்றான், முடிந்தது. நீளக் கம்பில் கட்டிய குலை வெட்டும் அரிவாள்தான் அவனுடைய ஆயுதம். பெரிய சாமான் என்பதால் இரண்டு கட்டம். பத்தும் நிரம்பினால் உன் தற்காப்பு 0 ஆகிவிடும். அதனால் புதையல் கிடைத்தால் எதை எறிவது என்று சண்டை வரும், அந்தச் சண்டை பூதத்தோடு நடப்பதைவிடச் சுவையானது.

மந்திரப் புத்தகம் யாரிடம் இருந்தாலும் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை மந்திரம் போடும்போதும் களைப்பு ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். களைப்பும் ஒரு சுமை என்று நான் விளக்க ஆரம்பித்தபோது மச்சான் கையைக் காட்டி நிறுத்தினான். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சண்டையில் அடி படுகிறதா என்று உருட்டுவதே இல்லை. நேராக ஆயுதத்தின் பகடை, அதில் எதிரியின் கவசத்தைக் கழி, மிச்சம் அடி. வாள் உருட்டி 4 வந்து எதிரிக்கு 1 கவசம் என்றால் 3. இங்கே எச்.பி. என்பது ஹிட் பாயிண்ட் இல்லை, ஹிட் புரொடெக்‌ஷன். அடி படாமல் தப்பிக்கும் சாமர்த்தியம் என்று விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால்தான் ஒரு மிடறு தண்ணீர் குடித்து மூச்சு வாங்கினால் அது திரும்பிவிடுகிறது. அது தீர்ந்த பிறகு வாங்கும் அடி உடல் பலத்தைத் தின்னும், அதுதான் நிஜக் காயம். அது ஆற ஒரு வாரம் வைத்தியர் பார்வையில் கிடக்க வேண்டும். சித்தி மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த ஒரு வாரம் எனக்கு வேறு விதத்திலும் உதவியது. மச்சான் வராத சனிக்கிழமை அவனுடைய ஆள் வைத்தியர் வீட்டில் படுத்திருக்கிறான். அவன் வரும்போது எழுந்துவிட்டான். ஏற்ற லெவல் இல்லை, தேர்ந்தெடுக்க வித்தை இல்லை. போன மாதம் மூன்று வாரம் கழித்து வந்தான்; தாளை எடுத்து, "கயிறு எங்க போச்சு?" என்று கேட்டான், தம்பி எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டான், ஆட்டம் தொடர்ந்தது. தே தாரிக் (ஆற்றிய டீ) ஆறுவதற்குள்.

இன்னொன்று. பழைய புகைக்கூடம் ஒன்றைக் குகையாக வைத்திருந்தேன், வாசலில் அரிவாளோடு ஒரு காவல்காரர். வாத்தியார் அண்ணன் வாளை உருவவில்லை. பையிலிருந்த சுருட்டைப் பற்ற வைத்துக் கீழே வைத்து, ஓரமாகச் செருப்பைக் கழற்றினார். தோட்டத்தில் வளர்ந்த எவனுக்கும் அதற்கு மேல் என்ன நடக்கும் என்று தெரியும், நான் வழியை விட்டேன். டி அண்ட் டியிலும் பகடை இல்லாமல் விட்டிருக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் தாளில் 'பெர்சுவேஷன் +5' என்று, பேசி மசிய வைக்கும் திறன் எண்ணாக, எழுதியிருந்தால் கை தானாகப் பகடைக்குப் போகிறது. உருட்டி 3 விழுந்திருந்தால் சுருட்டு வீண்.

கெய்ர்னிலும் குறை உண்டு. சாவு சுலபம். ஆரம்பத்தில் எச்.பி. ஓர் ஆறு முகப் பகடைதான். தம்பி முதல் மாதத்தில் இரண்டு ஆளைப் புதைத்தான். நாலு பேர் ஒரே எதிரியை அடித்தால் நாலு பகடையில் பெரியது மட்டுமே கணக்கு, "அப்ப நான் எதுக்கு அடிக்கணும்?" என்று சண்டை நடுவே கேட்கிறார்கள். வலை வீசு, எண்ணெய் ஊற்று என்று பழகச் சில வாரம் ஆயிற்று. பெரிய குறை சித்தி மகளுடையது. டி அண்ட் டியில் அவள் தன் மந்திரவாதியை லெவல் லெவலாக வளர்த்தாள், அடுத்து எந்த மந்திரம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பாள். அந்தச் சந்தோஷம் கெய்ர்னில் இல்லை. கதைக்குள் கிடைக்கும் அபூர்வப் பொருள் அதை ஈடுகட்டும் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நாலு மாதத்துக்குச் சரி, ஒரு வருடம் தாங்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதே மாதிரி டி அண்ட் டியை 5ஆம் லெவல் தாண்டி நாங்கள் ஆடியதில்லை. மேலே போனால் சுவை கூடுகிறது என்பவர்களோடு வாதாட என்னிடம் சரக்கில்லை.

வாரா வாரம் அதே நாலு பேர் தவறாமல் வருவார்கள், எல்லாருக்கும் தாள் நிரப்புவது பிடிக்கும் என்றால் டி அண்ட் டியே எடுங்கள். கோலாலம்பூரில் தெரியாதவர்கள் மேசையில் உட்கார நினைப்பவர்களுக்கும் அதுதான் வசதி. 2023 ஜனவரியிலிருந்து அதன் அடிப்படை விதிகள் யாரும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கலாம். எங்கள் புத்தகங்களைச் சித்தி மகள் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்விட்டாள். அங்கே தனியாக ஒரு கூட்டம் சேர்த்திருக்கிறாளாம்.

மச்சானுக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். அவன் தாளை மடித்துப் பகடை வைக்கும் மைலோ டின்னில் போட்டிருக்கிறேன். பத்துக் கட்டத்தில் ஏழு நிரம்பியிருக்கிறது. கயிறு இன்னும் தம்பியிடம்தான்.